அறுக்காமல் விட்ட மேசை

கலியமூர்த்தி சுரங்கத்துப் பணிமனையில் வெல்டர். அப்பன் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்ததில் வந்த வேலை. பத்து வருஷம் கான்ட்ராக்டில் அல்லாடி, எழுபத்தாறில் பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸும் வாங்கிவிட்டார். படிப்பு மட்டும் ஐந்தாம் வகுப்போடு சரி. அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு அன்றும் இல்லை, இருபது வருஷம் கழித்தும் இல்லை. எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் இதில்தான் வந்து நிற்பார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன குவார்ட்டர்ஸ் பிளாக்குக்காரர்கள், தாங்கள் நடத்திவந்த கல்வி அறக்கட்டளைக்குள் அவரையும் இழுத்துப் போட்டார்கள்.

அறக்கட்டளை என்றதும் ஏதோ பெரிய ஆபீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பது தொழிலாளிகள் மாதம் ஒரு வீக்லி ஆஃபைச் சுற்றுப்பட்டு அரசுப் பள்ளிகளுக்காக உழைப்பார்கள். அவ்வளவுதான் சங்கதி. ஒரு பள்ளிக்குக் கூரை மாற்றுவார்கள், இன்னொன்றுக்குக் கிணற்றுச் சுவர் கட்டுவார்கள்.

எழுபத்தொன்பதில் கலியமூர்த்தியின் ஊருக்கு விடிவு வந்தது. இருபது பிள்ளைகளும், அவர்கள் உட்கார மேசை பெஞ்சும் இருந்தால் ஆறாம் வகுப்பு தரலாம், திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன் என்று கல்வி அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். மேசைக்கு அறக்கட்டளை பொறுப்பேற்றது. பிள்ளைகளைச் சேர்க்கத் தலைமை ஆசிரியர் கொளஞ்சிநாதன் வீடு வீடாக ஏறி இறங்கினார். பத்தொன்பது பேர் தேறினார்கள். இருபதாவதாக மிச்சமிருந்தது கலியமூர்த்தியின் அக்காள் மகள் காந்திமதி ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்த பெண். மேலே வகுப்பில்லாமல் மூன்று வருஷமாகக் கரும்பு வயலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வயது பதினாலு, வளர்த்தியோ பதினேழு.

“பொடிசுங்க நடுவுல நான் ஒருத்தி கொக்காட்டம் குந்திக்கினு இருக்கணுமா மாமா? ஊரே சிரிக்கும்” என்றாள். கெஞ்சியும் பார்த்தார், திட்டியும் பார்த்தார். ம்ஹூம், அவள் மசியவில்லை.

ஞாயிறு காலை மேசைகள் லாரியில் வந்து இறங்கின. கழித்துப் போட்ட இரும்பில் பத்து மேசை, பத்து பெஞ்சு. ஒன்றுக்கு இருவர். பற்றவைப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்ததும்தான் வண்டவாளம் தெரிந்தது. மேசை முகவாயை இடித்தது, கால்கள் அந்தரத்தில் ஆடின. முப்பது பேரில் ஒருவருக்காவது ஒரு பிள்ளையை அளந்து பார்க்கத் தோன்ற வேண்டாமா? பணிமனையில் ஷிப்ட் புக் எழுதுகிற மேசையையும் பெஞ்சையும் அளந்து, அதே அளவில் பத்தையும் செய்துவிட்டார்கள். எதற்கும் பணிமனை அளவுதான் அவர்களுக்கு வேதம்.

கலியமூர்த்திக்கு அவமானமாகப் போயிற்று. யாரையும் ஏசாமல், சாக்பீஸால் கால்களில் கோடு போட்டுவிட்டு, இரும்பு ரம்பத்தோடு உட்கார்ந்தார். மற்றவர்கள் அழுத்திப் பிடிக்க, ஒவ்வொரு காலாக அறுத்தார். வெயில் தாழ்வதற்குள் ஒன்பது மேசையும் ஒன்பது பெஞ்சும் முடிந்தன.

காந்திமதி தூக்கில் மோர் கொண்டுவந்தாள். மாமாவின் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்தாள். அவர் குடித்து முடிக்கட்டும் என்று, அறுக்காத பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கால் இரண்டும் தரையில் பதிந்தன. முழங்கைகள் தாமாக மேசைமேல் ஏறின.

மோர் குடித்த தெம்பில் கலியமூர்த்தி ரம்பத்தை எடுத்துக்கொண்டு அந்த மேசையின் காலடியில் வந்து குந்தினார்.

“அத்த மட்டும் அறுக்காதீங்க மாமா.”

ஏன் என்று நிமிர்ந்தார். அங்கே கிடந்த சாக்பீஸால் மேசைமேல் தன் பெயரை எழுதி, பக்கத்தில் ஆறாம் வகுப்பு என்றும் எழுதியிருந்தாள். எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது.

கலியமூர்த்தி ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலைமை ஆசிரியரைக் கூப்பிட்டார்.

“பட்டியல எடுங்க சார். இருவது ஆயிட்டுது. ஒரு பொடிச மட்டும் முன் பெஞ்சுல நெருக்கிக் குந்த வச்சிக்கலாம்.”