ஜூலிக்கு ஒரு வேலை

செல்வராஜ் அண்ணன் போய்விட்ட செய்தி வந்தபோது நான் கெலிஓயாவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில், பேராதனைப் பக்கம் நகராத வாகன வரிசைக்குள் நின்றுகொண்டிருந்தேன். உட்கார இடமில்லை. ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறுகையில் போன். அவருடைய மனைவி புஷ்பம் அக்காதான் பேசினார்.

"அவரு போயிட்டாருங்க தம்பி. விடியக்காலையில தண்ணி கேட்டாரு. கொண்டாந்து குடுக்கிறதுக்குள்ள போயிட்டாரு."

 பிறகு அவர்கள் வீட்டு வயதான நாயைப் பற்றிச் சொன்னார். "ஜூலி கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டு வெளிய வரமாட்டேங்குது. ஆளுங்க உள்ள வரப் பயப்படுறாங்க. நீங்க வந்து கூப்பிட்டா வரும்," என்றார். அழ உட்காருவதற்கு முன்பே ஒரு வேலை வந்துவிட்டது. கண்டியில் இறங்கிக் குண்டசாலை பஸ்ஸில் ஏறினேன். அன்று வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லக்கூட மறந்துபோனேன். அதற்கும் பிறகு ஏச்சு வாங்கினேன்.

அவரோடு வேலை செய்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கண்டியைச் சுற்றியிருக்கிற ஸ்டோர்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் காவல் நாய்களை அனுப்புகிற நிறுவனம் எங்களுடையது. நாய்களைப் பழக்குவது, யாருக்கு எந்த நாய் என்று பிரித்துக் கொடுப்பது, அவை வயதாகி ஓய்வதுவரை பார்த்துக்கொள்வது எல்லாம் செல்வராஜ் அண்ணன்தான். ஜூலி அவர் குட்டியிலிருந்து பழக்கிய அல்சேஷன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு காவலுக்குப் போனவன் நான்.

நான் அந்த வேலைக்குப் போனது நாய் மீதுள்ள ஆசையால் அல்ல. நான் நின்ற துணிக்கடையை மூடிவிட்டார்கள், வேறு வேலை அகப்படவில்லை, அவ்வளவுதான். எங்கள் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்டால் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். முதல் நாளே ஜூலி என் கையை முழங்கைவரை நக்கிவிட்டது. நான் குழாயடிக்குப் போய்க் கூண்டோரத்து மண்ணைக் கிள்ளப் போனேன். பின்னாலிருந்து செல்வராஜ் அண்ணன், "அங்க எடுக்காதீங்க தம்பி, எல்லாம் நாய் மூத்திரம்," என்றார். மறுநாள் குழாய்க்கு மேலே ஒரு மாஜரீன் டப்பா இருந்தது. மேட்டுப் பக்கத்திலிருந்து வெட்டி, கல் பொறுக்கி, சலித்த மண். மழை நாளில் மூடி போட்டு வைப்பார். கூட வேலை செய்த பொடியன்கள் சிரித்தபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு வேல முடிஞ்சா டீ வேணும், அவருக்கு மண்ணு வேணும். இதுல சிரிக்க என்னா இருக்கு?" என்றார். நான் ஜூலியோடு காவலுக்குப் போன காலம்வரை அந்த டப்பா காலியாகி நான் பார்த்ததில்லை.

செத்துப்போனவரைப் பற்றி எழுதுகிறேன் என்பதற்காக அவரைத் தங்கக்கம்பி என்று சொல்லமாட்டேன். நாயிடம் குழைவார், நம்மிடம் வள்ளென்று விழுவார். உங்களுக்கே தெரியும். ஒரு நாள் காவல் முடிந்து வரும் வழியில் ஜூலி ஓர் ஆட்டைப் பார்த்து இழுத்ததில் நான் வழுக்கி விழுந்தேன். முழங்கால் தோல் உரிந்த எரிச்சலில் அதைக் கண்டபடி ஏசினேன். அந்தக் கிழமை ஏழு நாளும் அவர் என்னோடு பேசவில்லை. சம்பள நாளில்தான் வாயைத் திறந்தார். "இழுத்தது அது. பிடிக்காம விட்டது யாரு?" அதோடு கோபம் தீர்ந்தது, அவருக்கு. எனக்குத் தீர இன்னும் இரண்டு நாள் பிடித்தது.

மேலிடத்திலும் அவர் இப்படித்தான். புதிதாக வந்த மேனேஜர் ஒருவர், நாய்களுக்குக் காவலுக்கு முன் சாப்பாட்டைக் குறைத்தால் மூர்க்கமாக நிற்கும் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு வந்தார். செல்வராஜ் அண்ணன் சோற்றுச் சட்டியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். "பசிச்ச நாய் திருடன்கிட்ட ஒரு துண்டு பாண் வாங்கித் தின்னுட்டு வாலாட்டுங்க சேர். வயிறு நெறஞ்ச நாய்தான் வேல பாக்கும்," என்றார். கடிப்பதைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது. "கடிக்கிறதுல என்னா இருக்கு, யாரு வேணும்னாலும் கடிப்பான். குலைச்சி நிப்பாட்டுறதுதான் வேல." ஜூலி அப்படித்தான் நின்றது. எத்தனையோ வருடக் காவலில் அது ஒரு மனிதனையும் கடித்ததில்லை.

பிறகு ஜூலியின் கண்ணில் வெள்ளை விழுந்தது. பின்னங்கால் இரண்டும் சோர்ந்தன. வேலைக்கு ஆகாது என்று முடிவானதும் மேனேஜர், எங்கேயாவது சந்தைப் பக்கம் கொண்டுபோய் விடச் சொன்னார். எல்லோரும் செய்கிறதுதானே என்றார். அண்ணன் அன்றைக்கே ஜூலியைச் சாக்கு விரித்து ஒரு த்ரீவீலரில் ஏற்றி, குண்டசாலையில் தாம் வாடகைக்கு இருந்த வீட்டுக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு அவரும் ஓய்வு வாங்கிக்கொண்டார். நெஞ்சு சரியில்லை.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஜூலியைப் பற்றித்தான் பேச்சு. அக்கா தனியாக அந்த வீட்டில் இருக்கப்போவதில்லை. மகள் வீடு மாத்தளையில், மேல்மாடியில் இரண்டு அறை. நாய்க்கு அங்கே இடமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒங்ககிட்ட கேக்கமாட்டேன் தம்பி. ஒங்க வீட்டு மொற எனக்குத் தெரியும்," என்றார். கேட்டிருந்தால் ஏலாது என்று சொல்லியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். கேட்காமல் விட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கருமாதி முடிந்ததும் வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்டார். நான் உங்களில் சிலரிடம் ஜூலியைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஒருவர் வீட்டில் கைக்குழந்தை, ஒருவருக்கு முற்றமில்லை, ஒருவர் போனையே எடுக்கவில்லை. யார் மீதும் கோபமில்லை. காவல் முடித்து, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வருகிற மனிதர்களுக்கு இன்னொரு வாயைச் சுமக்கத் தெம்பில்லை. எனக்கும் இல்லை.

கடைசியில் ஜூலியை வீட்டில் வைத்துக்கொள்வது பற்றி உம்மாவிடம் கதைத்தேன். உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு வேல ஈக்குதா?" என்று கேட்டார், செய்வதற்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று.

"இல்ல உம்மா. வயசு போச்சி."

"தோட்டம் தொறவு, ஆடு மாடு காக்கிறதுக்குண்டா வெச்சிக்கொள்ளலாம். சும்மா ஆசைக்கு வளக்க ஏலா மகன்."

பள்ளிவாசலில் மௌலவியிடம் கேட்டேன். அவரும் அதைத்தான் சொன்னார். எங்களிடம் தோட்டமுமில்லை, ஆடுமில்லை. பின்பக்கம் ஒரு குழாயும் கொஞ்சம் வெறும் மண்ணும்தான். இப்போது எனக்குத் தெல்தெனியவில் ஒரு ஸ்டோரில் காவல். அந்தக் கிழமையில் ஒரு நாள் காவல் முடிந்து சந்தைக்குப் போய்க் கோழிகள் வாங்கினேன். கால் கட்டிய கோழிகளைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பழைய பலகைகளை அடித்து ஒரு கூடு செய்தேன். ஆணி அடிக்கிற சத்தத்தைக் கேட்டு உம்மா பின்கதவில் வந்து நின்றார்.

"கோழிக்கு நாயா, நாய்க்குக் கோழியா?"

நான் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மாவிடம் பொய் சொல்லி நான் வென்றதில்லை. அவர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். "குழாயத் தாண்டி இங்கால வரப்படாது. சட்டி வேறயா ஈக்கணும். அதும் கோழி ஈக்கிற வரைக்கும்தான், சொல்லிட்டன்."

மறுநாள் ஜூலியைக் கொண்டுவந்தேன். புஷ்பம் அக்கா வாசல்வரை வந்து அதன் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டார். எங்கள் வீட்டுக்கு வந்ததும் ஜூலி கூட்டைச் சுற்றி ஒரு முறை மோந்து பார்த்தது, அதன் வாசலுக்குக் குறுக்கே படுத்தது. காவல் நாய் எங்கே படுக்க வேண்டும் என்பதை அது மறக்கவில்லை. மற்றதெல்லாம் மறந்திருந்தது. கோழிகள் அதன் முதுகில் ஏறி நின்றன. கீரி ஒன்று பட்டப்பகலில் வந்து, தூங்குகிற ஜூலியின் மூக்குக்கு முன்னாலேயே ஒரு கோழியைக் கொண்டுபோனது. அடுத்த கிழமை இன்னொன்றையும் கொண்டுபோனது. வேலை முடிந்து வந்து இறகுகளைப் பொறுக்கும்போது எனக்கு அலுத்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால், "நாய் ஈந்தும் என்னத்துக்கு?" என்று, இருந்தென்ன லாபம் என்பதுபோல் கேட்டார். உம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார், காதில் விழாததுபோல் இருந்துவிட்டார். கோழி இருக்கும்வரைதான் என்று உம்மா சொன்ன கெடு எனக்கு ஞாபகம் இருந்தது. மிஞ்சிய கோழிகளை எண்ணிவிட்டு உள்ளே போனேன்.

செல்வராஜ் அண்ணனிடமிருந்து எனக்கென்று இருப்பது கண் தெரியாத ஒரு கிழட்டு நாயும், வேலை முடிந்து வந்த பிறகும் முடியாத இன்னொரு வேலையும்தான். அவர் கேட்காமல் கொடுத்தது. எனக்குக் களைப்பாக இருக்கிறது அண்ணன், ஆனால் ஜூலி இங்கேதான் இருக்கிறது.

நேற்று நான் காவலுக்குக் கிளம்பும்போது உம்மா குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"தெல்தெனிய சந்தக்கிப் போனா இன்னம் ரெண்டு கோழி வாங்கிட்டு வாங்கொ மகன். ஈக்கிற கோழியும் முடிஞ்சா அந்த வாயில்லா ஜீவனுக்கு வேல இல்லாமப் போயிரும்."