ஏழாம் நம்பருக்காக நான் கேட்டது

எனக்கு ஆள் முன்னால் நின்று பேச வராது. படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றது, பேச்சு அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது என்று என் மகன் கேலி செய்வான். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன். அதைத்தான் எழுதப் பார்க்கிறேன். எழுதினாலாவது இந்தப் படபடப்பு கொஞ்சம் குறையுமா என்று.

ஷார்ஜாவில் தொழில்பேட்டையைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரி. அங்கே விளையாடும் பெண்பிள்ளைகள் உடை மாற்றும் அறை என் பொறுப்பு. சாவி என்னிடம். டவல் மடிப்பது, சட்டை துவைத்து அயர்ன் போடுவது, கோச் சார் ரூமுக்கு டீ கொண்டுபோவது எல்லாம் என் டியூட்டி. பதினோரு வருஷமாகிறது. மகன் இதே ஊரில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ரூமில் இருக்கிறோம்.

கல்லூரியில் வாலிபால் டீம் நன்றாக இருந்தது. அதற்குக் காரணம் டீமுக்குப் பணம் போடுகிற முதலாளி என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் நம்ம ஊர்க்காரர்தான். தொழில்பேட்டையில் அவருக்கு வரிசையாக கராஜும், ஸ்பேர் பார்ட்ஸ் குடோனும் இருக்கிறது. மைதானத்துக்கு மரத்தரை போட்டது அவர். ஏசி வைத்தது அவர். மேட்சுக்குப் போகிற பஸ் அவர் கொடுத்தது. சட்டையும் அவர் உபயம்தான், நெஞ்சில் அவர் கம்பெனி முத்திரை, முதுகில் நம்பர். கெட்ட மனிதர் என்று சொல்ல என் மனம் வராது. டீ வாங்கும்போது என் முகத்தைப் பார்த்து வாங்குகிறவர் அவர் ஒருத்தர்தான்.

அவருடைய மகளும் அந்தக் கல்லூரியில்தான் படித்தாள், டீமில் பன்னிரண்டாம் நம்பர். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிப்பாள். என்னை ஆன்ட்டி என்பாள். ஆட்டம் சுமார். பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள், அதைப் பற்றி அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

ஏழாம் நம்பர் ஒரு வெல்டரின் மகள். அப்பா, அம்மா, தம்பி, இவள், நாலு பேரும் ஒரே ரூமில் நடுவில் திரை கட்டி இருந்தார்கள். என்னைப் பெரியம்மா என்பாள். பந்தைத் தூக்கிக் கொடுக்கிற இடம் அவளுடையது. மற்றவர்கள் ஓங்கி அடிப்பதைத்தான் எல்லோரும் கைதட்டிப் பார்ப்பார்கள். நான் இவள் விரலைப் பார்ப்பேன். எந்தத் திசையிலிருந்து எப்படிக் கோணலாகப் பந்து வந்தாலும் இவள் விரலில் பட்டதும் அடங்கிப்போய், அடிக்கிறவள் கைக்குச் சரியாகப் போய் நிற்கும். பன்னிரண்டாம் நம்பர் பழகினதும் அதே இடத்துக்குத்தான், ஆனால் இரண்டு வருஷமாக அந்த இடத்தில் இவளைத் தவிர யாரும் நின்றதில்லை.

கல்லூரியில் ஒரு விதி உண்டு. வருஷக் கடைசியில் நடக்கும் ஃபைனலில் முதலில் இறங்குகிற ஆறு பேருக்கு அடுத்த வருஷம் பாதி ஃபீஸ் கிடையாது. அந்தப் பாதி இருந்ததால்தான் வெல்டர் மகள் அங்கே படித்தாள். எனக்கும் இது தெரியும், டீமில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் வியாழக்கிழமை ஃபைனல். திங்கட்கிழமை முதலாளி வந்திருந்தார். நான் டீ கொண்டுபோனபோது கோச் சாரும், விளையாட்டுக்குப் பொறுப்பான மேடமும், ஆபீஸ் மேனேஜரும் இருந்தார்கள். முதலாளியின் அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்களாம், வியாழக்கிழமை பார்க்க வருவார்களாம். மகளுக்கு இது கடைசி வருஷமாம். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, முடிஞ்சா பார்த்துக்கங்க சார் என்றார். அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. மேடம் உடனே கண்டிப்பா என்றார். மேனேஜர் அதற்கும் முன்னால் தலையை ஆட்டிவிட்டார். கோச் சார் மட்டும் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் இறங்கினால் யார் உட்கார வேண்டும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் காலிக் கிளாஸை எடுக்கிற சாக்கில் கொஞ்சம் நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

எங்கள் டீமில் ஒரு வழக்கம். யார் இறங்குகிறார்கள் என்று கோச் சார் வாயால் சொல்ல மாட்டார். முந்தின நாள் என்னிடம் ஒரு சீட்டில் ஆறு நம்பர் எழுதிக் கொடுப்பார். நான் அந்த ஆறு சட்டையையும் அயர்ன் போட்டுச் சுவர் கொக்கியில் மாட்டிவைப்பேன். மற்றதை மடித்துப் பெஞ்சில் வைப்பேன். பிள்ளைகள் வந்து பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அழுகிறவள் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வருவாள். புதன்கிழமை வந்த சீட்டில் ஏழு இருந்தது, அதை அடித்துப் பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது. பேனாவை அழுத்தி அடித்ததில் காகிதமே கிழிந்திருந்தது.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஏழாம் நம்பரையும் சேர்த்து அயர்ன் போட்டேன். கொக்கியில் மாட்டினேன், எடுத்தேன். தாழ்வாரத்தில் அந்தக் கோடி வரை நடந்தேன், திரும்பி வந்தேன். அயர்ன் பாக்ஸை அணைத்தோமா என்று மூன்று தரம் பார்த்தேன். கோச் சாரிடம் சொல்லலாம் என்று போனால் அவர் போனில் இருந்தார், என்னைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

சாயந்தரம் ஐந்து மணிக்கு முதலாளி மட்டும் வந்தார். அப்பா அம்மாவுக்குச் சோபா எங்கே போடலாம் என்று மைதானத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. கையில் ஒரு டவல் இருந்தது, அதைப் போட்டுவிட்டுப் போகக்கூடத் தோன்றவில்லை.

"ஐயா, ஒரு விசயம்."

"சொல்லுங்கம்மா."

"ஏழாம் நம்பர் பிள்ளை, ஐயா. அப்பன் வெல்டரு. நாளைக்கு எறங்கலன்னா ஃபீசு சலுகை போயிரும். படிப்பு நின்னுரும். நீங்க பார்த்து ஏதாச்சும் செய்யணும்."

அவர் முகம் மாறியது. அந்தப் பிள்ளை இறங்கவில்லை என்று யார் சொன்னது என்று கேட்டார். சீட்டில் பன்னிரண்டு இருக்கிறது என்றேன்.

"நான் முடிஞ்சான்னுதானேம்மா சொன்னேன். யாரையும் எடுக்கச் சொல்லலையே. இப்பப் போய் மாத்துங்கன்னா, கோச் வேலையில தலையிட்ட மாதிரி ஆயிடும்."

நான் டவலைப் பிழிந்துகொண்டு நின்றேன், அது காய்ந்த டவல். அவரே திரும்பக் கேட்டார்.

"ஃபீஸ்தான பிரச்சனை?"

"ஆமாங்கய்யா."

உடனே போனை எடுத்தார். மேனேஜரிடம் இரண்டு நிமிஷம் பேசினார். படிப்பு முடிகிற வரைக்கும் அந்தப் பிள்ளை ஃபீஸ் முழுசும் தன் கணக்கு என்று சொல்லிவிட்டு, நிம்மதியாப் போங்கம்மா என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பாதி கேட்கப் போய் முழுசும் கிடைத்தது என்று எனக்குக் கால் தரையில் படவில்லை. ரூமுக்குப் போனதும் மகனிடம் சொன்னேன். உனக்கு விசாவைப் புதுசா அடிக்கிற மாசம் இது, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா என்று முதலில் திட்டினான். அப்புறம், ஃபீஸ் வாங்கிட்டியா என்று சிரித்தான்.

வியாழக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். ஏழாம் நம்பர் தன் சட்டை பெஞ்சில் இருப்பதைப் பார்த்தாள். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, முடியை இறுக்கிக் கட்டினாள். முதலாளி மகள்தான் கண் கலங்கி, ஐ டிட்ன்ட் ஆஸ்க் என்று இவளிடம் என்னவோ சொன்னாள். ஏழாம் நம்பர் அவள் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனாள். நான் மட்டும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன், உனக்கு விஷயம் தெரியாதுடி தாயி, சாயந்தரம் தெரியும் என்று.

ஆட்டத்தில் ஜெயித்தார்கள். தட்டுத்தடுமாறித்தான். பன்னிரண்டாம் நம்பர் தூக்கிக் கொடுத்த பந்து பாதி வலைக்கே போனது. மற்றவர்கள் எங்கிருந்தெல்லாமோ ஓடிவந்து காப்பாற்றினார்கள். சோபாவில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் பேத்தியை மட்டும் பார்த்துக் கைதட்டினார்கள். பரிசு கொடுக்கும்போது மேனேஜர் மைக்கைப் பிடித்து, ஏழ்மையான குடும்பத்து மாணவி ஒருத்தியின் ஃபீஸை முழுசும் நம் முதலாளி ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்றார். அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். டியூட்டியிலிருந்து அப்படியே வந்த அப்பாவையும் கூப்பிட்டார்கள். அவர் சைட் பூட்ஸோடு அந்த மரத்தரையில் நடக்கப் பயந்து ஓரமாகவே சுற்றி வந்தார். பெரிய அட்டையில் தொகை எழுதி அவள் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அவள் கேமராவைப் பார்க்கவில்லை, அட்டையையும் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு உடை மாற்றும் அறைக்கு வந்தாள். மேனேஜர் பேச்சோடு பேச்சாக என் பெயரையும் சொல்லியிருக்கிறார்.

"பெரியம்மா, நீங்கதான் போய்க் கேட்டீங்களா?"

ஆமாம் என்றேன். சந்தோஷப்படுவாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

"நான் நல்லா ஆடுறேன்னு சொன்னீங்களா?"

நான் முதலாளியிடம் பேசினதை எல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அப்பன் வெல்டர் என்று சொன்னேன். படிப்பு நிற்கும் என்று சொன்னேன். அதைச் சொல்லவே இல்லை. இரண்டு வருஷம் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவள், அது என் வாயில் வரவேயில்லை.

"இல்லடி."

அவள் தலையை ஆட்டினாள். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். ஃபீஸ் இல்லன்னா அப்பா கடன உடன வாங்கியாவது கட்டியிருப்பாரு, எடத்த எங்க போய் வாங்குறது என்று மெதுவாகச் சொன்னாள். சட்டையைக் கழற்றி மடித்து, துவைக்கிற கூடையில் போட்டுவிட்டுப் போனாள்.

எங்கள் ஆட்களுக்குக் கேட்கத் தெரிந்ததே அப்படித்தான். இரண்டு வருஷம் வேலை செய்தால் லீவு கொடுக்க வேண்டும் என்று பேப்பரிலேயே இருக்கிறது. ஆனாலும் என் மகன் போன தடவை லீவு கேட்டபோது, அம்மா ஊரில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று என்னைப் படுக்கவைத்துத்தான் வாங்கினான். நான் அப்போது இங்கே டவல் மடித்துக்கொண்டிருந்தேன். சேர வேண்டியதைக் கேட்கிறோம் என்று நினைக்கத் தெரியாது, இரக்கப்பட வைத்தால்தான் கிடைக்கும் என்று பழகிப்போச்சு. கொடுக்கிறவர்களுக்கும் அதுதான் சுலபம். முதலாளிக்கு இரண்டு நிமிஷத்தில் மனசு லேசாகிவிட்டது. ஃபீஸ் உறுத்திக்கொண்டிருந்த வரைக்கும் மேனேஜருக்கும் கோச்சுக்கும் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு சங்கடம் இருந்திருக்கும். நான் போய் அதையும் தீர்த்துவைத்தேன்.

முதலாளி மகள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு ஏழாம் நம்பர் திரும்ப வருவாள் என்று காத்திருந்தேன். வேறு ஒரு ஸ்பான்சரின் தங்கை மகள் வந்தாள். ஏழாம் நம்பர் டீமை விட்டுவிட்டாள். காலேஜுக்கு வருகிறாள், நன்றாகப் படிக்கிறாளாம். வழியில் பார்த்தால் சாப்டீங்களா பெரியம்மா என்று கேட்பாள், நின்று பேசமாட்டாள்.

போன வாரம் தாங்க முடியாமல் கோச் சார் ரூமுக்குப் போனேன். டீ இல்லாமல் வெறுங்கையோடு போனது அதுதான் முதல் தடவை. அவரும் என்ன வேணும்மா என்று எழுந்து நின்றுவிட்டார்.

"சார், அந்த ஏழாம் நம்பர் பிள்ளை நல்லா ஆடும்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"தெரியும்மா. இவ்வளவு நாள்ல அவளை மாதிரி ஒருத்தி எனக்குக் கிடைக்கல."

அவர் மேஜை மேல் இருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டார், நான் திரும்பி நடந்தேன். அடுத்த மாசம் மேட்ச் இருக்கிறது. அவளைக் கூப்பிடுங்கள் சார் என்று அடுத்த வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாசல் வரை வந்த பிறகுதான் அது நாக்கில் வந்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் அந்தக் கதவு வரை போகிறேன்.