வாசிக்காமல் விட்ட பக்கம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அம்மாவின் தம்பியான என் மாமா ஓடாத ஒரு அமெரிக்கக் காரைத் திருத்துவதற்குத் திட்டம் போடத் தொடங்கினார். கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜில் அது வருடக்கணக்காகக் கிடந்தது. அறுபதுகளில் செய்த கார். ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம், அவ்வளவு நீளம். வேண்டுமென்றால் நீயே எடு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மனுசனுக்கு இழுத்துக்கொண்டுபோய் எறிகிற வேலை மிச்சம்.

மாமியும் அவர்களின் மகளான என் வயது மச்சாளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். அவர்களை விமான நிலையத்திலிருந்து இந்தக் காரில்தான் கூட்டிவருவேன் என்று மாமா சொன்னார். சொன்னதோடு நிற்காமல் மாமிக்குக் கடிதத்திலும் எழுதிவிட்டார். அதுவரைக்கும் முன் சீற் எனக்கு என்று வாக்கும் தந்திருந்தார். மச்சாள் வந்தால் அது கைமாறிவிடும் என்று எனக்குத் தெரியும். ஆகவே கார் கெதியாக ஓடவேண்டும் என்பதில் என்னைவிட அவசரம் வேறு யாருக்கும் இருக்கவில்லை.

ஊரில் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஆள் மாமா. ஆனால் இந்தக் கார் அவருக்குப் புதிது. ஆங்கிலம் அதைவிடப் புதிது. நூலகத்திலிருந்து பழைய கார் திருத்துவது பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்தார். பள்ளிக்கூடத்தால் வந்ததும் நான் அதைக் குசினி மேசையில் வைத்து வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும்; அவர் கொப்பியில் எழுதிவிட்டு இரவு வேலைக்குப் போவார். எனக்குப் பாதிச் சொல் விளங்காது. விளங்காத இடத்திலெல்லாம் "கழற்றித் துடைக்கவேணுமாம்" என்று சொல்லிவிடுவேன். கொப்பியின்படி பார்த்தால் அந்தக் காரில் கழற்றித் துடைக்கத் தேவையில்லாத சாமான் ஒன்றுகூட இல்லை.

முதல் அத்தியாயத்திலேயே ஒரு பக்கம் இருந்தது. பனி உருகுவதற்கு வீதியில் கொட்டுகிற உப்பு காரை அடியிலிருந்து தின்னும். அடிச்சட்டம் கறள் பிடித்து உக்கியிருந்தால் அந்தக் காரில் கை வைக்கவே வேண்டாம். இது மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது. படமும் போட்டிருந்தார்கள். நான் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு எஞ்சினுக்குப் போய்விட்டேன். எங்கள் ஊர் றோட்டில் உப்பு ஏது, மாமாவுக்கு இது தெரியவராது என்று நம்பினேன்.

பனிக்காலம் முழுக்கத் திட்டம் நடந்தது. ஒரு கொப்பி இரண்டாகியது. "மச்சான், உது எப்ப தொடங்கிற எண்ணம்?" என்று அப்பா சாப்பாட்டுக் கோப்பையோடு நின்று கேட்பார். "அவசரப்பட்டால் பிழைச்சுப்போம், அத்தான்" என்பார் மாமா.

கடைசியில் அம்மாதான் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தா. சித்திரையில் ஒரு ஞாயிறு காலை, கற்பூரம் கொளுத்தி நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தோம். ஓடாத கார் தேசிக்காயை எப்படி நசிக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அப்பாவும் மாமாவும் தள்ளிக் களைத்த பிறகு, நேரம் போகுது என்று அம்மா நாலையும் காலால் மிதித்துவிட்டா. அடுத்ததாக மாமா ஜாக்கை வைத்து உயர்த்தினார். ஜாக் உயர்ந்தது, கார் உயரவில்லை. அடிச்சட்டம் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கிச் சீமெந்தில் கொட்டியது.

அப்பா சிரித்தார். எனக்குப் பயத்தில் அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கத்தை வாசிக்காமல் விட்டதை அழுதழுது ஒப்புக்கொண்டேன்.

"தெரியும் பிள்ளை," என்றார் மாமா. "நீ புரட்டின அண்டைக்கே நான் அந்தப் படத்தைப் பாத்தனான். பிறகு காருக்கு அடியில கையும் விட்டுப் பாத்தனான்." கையைத் துடைத்துக்கொண்டு, "சீற் தைக்கிற பகுதி இன்னும் கிடக்கெல்லே, நாளைக்கு அதை வாசிப்பம்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். தெரிந்துகொண்டே ஒரு பனிக்காலம் முழுக்க என்னை வாசிக்க வைத்திருக்கிறார். இல்லாத காருக்கு என்ன சீற் என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளே புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன்.

மாமிக்கும் மச்சாளுக்கும் விசா கிடைக்க அதன் பிறகு இரண்டு வருடம் எடுத்தது. அந்த இரண்டு வருடமும் நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது மாமா பழைய கொப்பியை விரித்து வைத்தபடி குசினி மேசையில் சும்மா இருப்பார். யாருக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறார் என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை. நான் டீவியைப் போட்டுவிட்டு அதன் முன்னால் இருந்துவிடுவேன்.