லிப்பே ஆற்றங்கரையில் ஒரு சிந்துவெளி

ஜெர்மனியின் ஹாம் நகரத்துக் கம்பித் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற விஜயரத்தினத்தை, அந்த மாதமே சிந்துவெளி பிடித்துக்கொண்டது. அவருடைய வயதுக்காரருக்குச் சீனி வியாதி வந்தது, இவருக்கு மொகஞ்சதாரோ வந்தது. கலியாண வீட்டில், கோயில் வரிசையில், பல் வைத்தியரின் வாசலில் என்று யாரையாவது பிடித்துத் தொடங்கிவிடுவார்.

"கோடையில பனி உருகி, மழையும் சேர்ந்து, சிந்து பெருகும். வெள்ளம் வத்தேக்க வண்டலை விட்டிட்டுப் போகும். எங்கட ஆக்கள் அந்த ஈரத்தில கோதுமையும் பார்லியும் விதைச்சவை. பெரிசா உழவும் இல்லை, எருப் பசளையும் இல்லை. வயிறு நிரம்பின பிறகுதான் செங்கல் வீடும் வடிகாலும் வந்தது."

'எங்கட ஆக்கள்' என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அறிஞர்கள் இன்னும் வாசிக்கத் திணறும் எழுத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்து, தமிழ்தான் என்று தீர்த்துவைத்திருந்தார்.

மனைவி மங்கையற்கரசி ஒரு வாடகைத் தோட்டம் கேட்டது கத்தரிக்காய்க்காக. அவரோ லிப்பே ஆற்றோரம், யாரும் எடுக்காத பள்ளத்துண்டைத் தேர்ந்தார். "அங்கே வெள்ளம் வரும்" என்று தோட்டச் சங்கத் தலைவர் பிரிங்க்மான் எச்சரித்தார். விஜயரத்தினம் பூரித்துப்போனார். வெள்ளத்துக்காகத்தானே எடுக்கிறார்!

ஐப்பசியில் கத்தரிக்கு ஓர் அடிகூட விடாமல் பார்லி விதைத்தார். முளை பச்சையாகத் தலைகாட்டியதும் கனடா, லண்டன் உறவுகளுக்கெல்லாம் படம் போனது. டிசம்பர் கடைசியில், நத்தார்க் கிழமை, லிப்பே பெருகியது. இருவரும் வெள்ளத் தடுப்புக் கரையில் நின்று பார்த்தார்கள். பயிர் இருந்த இடத்தில் யாருடையதோ பிளாஸ்டிக் கதிரை ஒன்று நாலு காலும் மேலே தெரிய மிதந்து திரிந்தது.

"அங்க கோடையில பெருகும், வத்தின பிறகு விதைக்கிறது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்? இஞ்ச குளிருக்குள்ள எல்லோ வருது" என்றாள் மங்கையற்கரசி.

"ஆறு பிழையான நேரத்தில வந்தா நான் என்ன செய்யிறது?"

வெள்ளம் வடிந்தபோது வழவழவென்று வண்டல் கிடந்தது. அள்ளி முகர்ந்தார், கண் கலங்கியது. ஆனால் சங்கம் உடனே அறிவித்துவிட்டது: ஆற்றுச் சேற்றில் டீசலும் கழிவும் இருக்கலாம், அகற்றும்வரை எதுவும் பயிரிடக் கூடாது.

"அந்தக் காலத்தில இப்பிடியொரு சங்கம் இருந்திருந்தா, மங்கை, நாகரிகமே வந்திராது."

முழங்கால் வலியோடு வண்டலைச் சுரண்டி வண்டிலில் ஏற்றிக்கொண்டிருந்தவரிடம், என்ன விதைத்திருந்தீர்கள் என்று கேட்டார் பிரிங்க்மான். பார்லி என்றதும் அவருடைய முகம் மலர்ந்தது. ஐயாயிரம் வருடப் பெருமையைக் கேட்டுக் கொட்டாவி விட்ட அதே முகம்.

"பார்லியா? நம் பொருளாளர் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர். மேட்டில் ஒரு துண்டு காலியாகிறது, எடுத்துக்கொள்ளுங்கள்!"

மேட்டில் வசந்தத்தில் விதைத்த பார்லி நன்றாகவே விளைந்தது. இலையுதிர்காலச் சங்க விருந்தில் அதிலிருந்து வடித்த பியர் ஓடியது. விஜயரத்தினம் சொட்டும் குடிக்கமாட்டார். அப்பிள் சாற்றோடு எழுந்து, ஹரப்பாவின் களஞ்சியங்களைப் பற்றி ஜெர்மனில் நீளமாகப் பேசினார். ஒவ்வொரு வசனத்துக்கும் எல்லோரும் குவளையை உயர்த்தி ஆரவாரித்தார்கள். பொருளாளர் அவரைக் கட்டிப்பிடித்து அழவே செய்தார்.

"பாத்தியே," என்றார் மனைவியிடம், "விளங்கிற சனத்துக்கு விளங்கும்."

மங்கையற்கரசியோ, கத்தரி வைக்க, பள்ளத்துண்டைத் தன் பெயருக்கு மாற்றித் தரமுடியுமா என்று பிரிங்க்மானிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.