திங்களும் வியாழனும் கத்திய சைரன்

நான் வரைந்த முதல் சர்க்யூட்டை ஒரு ரப்பர் பால் ஸ்டோரின் சுவரில் மாட்டிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. லூனாஸ் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் பட்டறை. காற்றில் எவ்வளவு வாயு கலந்திருக்கிறது என்று பார்க்கும் கருவிகளுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்வதுதான் வேலை. மூன்று வருடமாக மற்றவர்கள் வரைந்ததற்கு ஈயம் உருக்கி ஒட்டிக்கொண்டிருந்தேன். இது முழுக்க என்னுடையது. திரும்பி வரும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிளில் பாடிக்கொண்டே வந்தேன். ஹெல்மெட்டுக்குள் என் குரல் நன்றாகவே இருந்தது.

அந்த ஸ்டோர் அரை மணி தூரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. மரத்திலிருந்து வரும் பால் உறைந்துவிடாமல் இருக்க ஸ்டோரில் அமோனியா கலப்பார்கள். கசிந்தால் கண் எரியும், தொண்டை எரியும், அதிகமானால் ஆளையே சாய்த்துவிடும். கூரையடியில் இருக்கும் சென்சார் அமோனியாவை மோப்பம் பிடித்தால் அதில் ஓடும் மின்சாரம் மாறும். நான் வைத்த அளவை அது தாண்டினால் என் பலகையில் ரிலே டிக்கென்று விழும், சுவர் விசிறி சுழலும், சைரன் கத்தும். சோதனைக்காக ஒரு மாதம் வைத்துக்கொள்ளத் தோட்ட மேனேஜர் ஒப்புக்கொண்டார். பொய்யாகக் கத்திக்கொண்டே இருந்தால் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும். அது திரும்பி வந்தால் நீயும் ஈயத்துக்கே திரும்பிவிடலாம் என்று என் முதலாளி சொல்லிவிட்டார்.

திங்களும் வியாழனும் நான் போய்ச் சரிபார்க்க வேண்டும். முதல் திங்கள், கேட்டைத் தாண்டி ரப்பர் மரங்களுக்கு நடுவே பாதி வழி போயிருப்பேன், சைரன் கத்தியது. அமோனியா ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. வியாழனும் கத்தியது. அடுத்த திங்களும் கத்தியது. நான் போகாத நாட்களில் மட்டும் பரம சாது. பால் எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் வாளிகளைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவார்கள், ஓடும்போதே என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி மட்டும் சிரிக்க மாட்டார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் படிய வாரிய தலையுமாக, நான் ஏறும் ஏணியைக் குற்றவாளி மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பார். மரியாதையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

என் மோட்டார் புகைதான் காரணம் என்று மேனேஜர் கண்டுபிடித்தார். சென்சாரைப் பற்றி எனக்கே பாடம் நடத்துகிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வியாழக்கிழமை மோட்டாரைக் கேட்டிலேயே நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் தூரத்தில் சைரன் கத்தியது. கேட்டில் காவல் இருந்த ஜாகா அண்ணன் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று என் பலகையின் நினைவகத்தைத் திறந்து, சைரன் கத்திய நேரங்களை எழுதிக்கொண்டேன். திரும்பும்போது ஜாகா அண்ணனின் நோட்டை வாங்கி, நான் உள்ளே வந்த நேரங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நான் கேட்டுக்கு வந்த இரண்டு நிமிடத்துக்குள் சைரன். யாருக்குப் போன் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“மிஸ் வந்தா ஒரு மிஸ்டு கால் குடுங்கண்ணேன்னு கிராணி சொல்லி வெச்சிருக்காரும்மா. வேற ஒண்ணும் இல்லலா.”

அடுத்த திங்கள் மேனேஜரே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அன்றும் கத்தினால் அதோடு சரி. ஜாகா அண்ணனிடம் போன் வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு நடந்தே போனேன். சைரன் கத்தவில்லை. ஸ்டோர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கிராணி பால் கறை படிந்த பழைய சட்டையோடு கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வெளியே யாரோ, மிஸ் வந்தாச்சு என்று குரல் கொடுத்தார்கள். மனிதர் துள்ளி எழுந்தார். மேசை டிராயரை இழுத்து ஒரு பாடி ஸ்ப்ரேயை எடுத்து, கழுத்தில், கையிடுக்கில், சட்டையின் மேல், மறுபடி கழுத்தில் என்று அடித்துக்கொண்டே இருந்தார். மேசை மின்விசிறி அவ்வளவையும் அள்ளி, மேசைக்கு நேர் மேலே இருந்த சென்சாருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வயர் எட்டவில்லை என்று அந்த இடத்தில் வைத்தவளும் நான்தான். அந்த வகை சென்சாருக்கு ஸ்ப்ரேயில் இருக்கும் ஆல்கஹாலும் அமோனியாவும் ஒன்றுதான். சைரன் கத்தியது.

எல்லாரும் வெளியே ஓடி வர, மேனேஜரும் வந்து சேர்ந்தார். என்ன காரணம் என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் என் பலகை பிழைக்கும், ஆனால் மத்தியானத்துக்குள் கிராணியின் மானம் தோட்டம் முழுக்கக் கப்பலேறிவிடும். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, சென்சாரை வைத்த இடம் தப்பு, என் தப்புதான் என்றேன். அப்படியானால் கழற்றிவிடு என்றார் மேனேஜர். திருப்புளியைக் கையில் எடுத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“கழட்ட வேணாம் சார்,” என்றார் கிராணி. “மேல போனது அமோனியா இல்ல. என் ஸ்ப்ரே.”

முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்ததை எடுத்தும் காட்டினார். பால் ஸ்டோரில் காலை பத்து மணிக்கு யாருக்காக இந்த வாசனை என்று மேனேஜர் கேட்டார். கிராணி தரையைப் பார்த்தார்.

“மேலெல்லாம் பால் நாத்தம் சார். மிஸ் வர்ற நாள்ல மட்டும்தான் அடிப்பேன்.”

எல்லாரும் சிரித்தார்கள் பாருங்கள், வாளியெல்லாம் உருண்டது. மேனேஜர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. என் முகம் கொதித்தது. அவமானம் என்று நினைத்தேன், இல்லை. சந்தோஷம். திருப்புளியை எந்தப் பையில் வைத்தேன் என்று அப்புறம் அரை மணி நேரம் தேடினேன்.

வியாழன் வரை தவணை கிடைத்தது. ஸ்டோரின் மறுகோடியில், அமோனியா தொட்டிக்கு மேலே இரண்டாவது சென்சார் ஒன்றை வைத்து, பலகையின் நிரலை மாற்றி எழுதினேன். ஒன்று மட்டும் மோப்பம் பிடித்தால் விசிறி மட்டும் சுழலும். இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் சைரன். வியாழனன்று பஞ்சை அமோனியாவில் நனைத்துக் காட்டினேன், சரியாக வேலை செய்தது, மேனேஜர் கையெழுத்துப் போட்டார். கிராணி அன்று ஸ்ப்ரே பக்கமே போகவில்லை. என் முதலாளி அடுத்த சர்க்யூட்டுக்கான தாள்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலையே இல்லை. இருந்தாலும் திங்கட்கிழமை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். போகும் வழியில் டவுனில் ஒரு செண்ட் பாட்டில் வாங்கினேன். வாழ்நாளில் அதுதான் முதல் முறை. கேட்டருகே நின்று தாராளமாகவே அடித்துக்கொண்டேன். ஜாகா அண்ணன் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

ரப்பர் மரங்களைத் தாண்டி வந்தேன். சைரன் இல்லை. ஆனால் ஸ்டோர் சுவரில் விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? நடு வழியில் தனியாக நின்று சிரித்தேன்.

உள்ளே கிராணி தன் மேசையருகே இஸ்திரிச் சட்டையோடு நின்றார். வேலைக்கு வந்தவள் மாதிரி காட்டிக்கொள்ள மறுகோடிக்குப் போய், ஏணியில் ஏறி, இரண்டாவது சென்சாருக்குப் பக்கத்தில் செண்ட் மணக்கத் தலையை நீட்டினேன்.

பலகைக்குள் ரிலே டிக்கென்று விழுந்தது. சைரன் தோட்டம் முழுக்கக் கேட்டது. இந்த முறை ஒருவரும் வெளியே ஓடவில்லை. மேனேஜர் மட்டும் தன் ஆபீஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.