துக்க வீட்டில் நீட்டும் கை

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு சாவு. காரைக்குடியில் சைக்கிள் கடை வைத்திருந்த சோலைமலை... நல்ல மனிதர். மனைவி முன்பே போய்விட்டார். பிள்ளை என்று இருப்பது வள்ளி ஒருத்திதான். தேவகோட்டையில் டீச்சர்.

எங்கள் பக்கத்துத் துக்க வீட்டு வழக்கம் தெரியுமா? வாசலில் பந்தலுக்குக் கீழே பெஞ்சு போட்டு வீட்டு ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர் கும்பிட மாட்டார். வீட்டுக்காரர் 'வாங்க' என்று சொல்லக் கூடாது. வந்தவர் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டுவார்... இவர் தொடுவார். பேச்சே கிடையாது. பெண்கள் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு அழுவார்கள்.

வள்ளி அன்றைக்கு வாசலுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

சோலைமலையின் பங்காளி கருப்பையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "தாயி, கொள்ளி வைக்கப்போறது நானு. வாரவுகளுக்குக் கையும் நானே தொட்டுக்கிறேன். நீ உள்ள போயி பொம்பளைகளோட இரு."

"செத்தது எங்க அப்பா, சித்தப்பா. எங்கிட்ட துக்கம் கேக்காம வேற யாருகிட்ட கேப்பாக?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதலில் வந்தவர் வள்ளியைப் பார்த்ததும் நீட்டிய கையை மடக்கிக் கும்பிட்டுவிட்டார். துக்க வீட்டில் கும்பிடா? அவருக்கே கூச்சம். அடுத்து வந்தவர்கள் அவளைத் தாண்டிப் போய்க் கருப்பையாவிடம் நீட்டினார்கள். அந்தப் பெண்ணின் கை மட்டும் மடியில் அப்படியே கிடந்தது... யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு பெண்ணின் கையைத் தொட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

"ஏங்க, எல்லாரும் அந்தப் புள்ளையத் தாண்டித் தாண்டிப் போறாக. பாக்கவே சகிக்கலை" என்றாள் என் வீட்டுக்காரி.

எனக்குப் பெரிய படிப்பில்லை. கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறேன். வெள்ளைக்காரர்கள் கை குலுக்குவதே, என் கையில் ஆயுதம் இல்லை பார் என்று காட்ட வந்த பழக்கமாம். மலேசியாவில் ஹோட்டல் வேலை பார்த்த என் மச்சினர் சொல்வார் — அங்கே மலாய்க்காரர்கள் இரண்டு கையாலும் தொட்டு, அந்தக் கையைத் தங்கள் நெஞ்சில் வைத்துக்கொள்வார்களாம். நாம் சாமிக்கு முன்னால் தலைக்கு மேல் தூக்குகிறோம், பெரியவர்களுக்கு நெஞ்சுக்கு நேரே கூப்புகிறோம். எல்லாமே வெறுங்கைதான்! துக்கத்துக்குப் போகிறவனிடம் கொடுக்க வேறு என்ன இருக்கிறது? அதையும் ஒருத்திக்குக் கொடுக்காமல் போனால்...

அப்போது இபுராகிம் பாய் வந்தார். சோலைமலை கடைக்கு எதிரே ஜவுளிக்கடை. தினமும் சாயங்காலம் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் டீ. அவரும் அயல் பெண்களின் கையைத் தொடுகிறவர் இல்லை. நேரே வள்ளி முன்னால் வந்து நின்றார். வலது கையைத் தன் நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தினார். அப்படியே நின்றார்.

"பாய், இங்குட்டு வாங்க" என்று கருப்பையா தன் பக்கம் கூப்பிட்டார். பதற்றத்தில், சொல்லக் கூடாத அந்த 'வாங்க'வே வாயில் வந்துவிட்டது.

பாய் நகரவில்லை. "துக்கம் இங்கன இருக்கு கருப்பையா. நான் எங்குட்டு வாரது?"

கருப்பையா பெஞ்சிலிருந்து எழுந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். மனிதர் சுற்றிக்கொண்டு வெளியே போய், வந்தவர்களோடு வரிசையில் நின்றார். தன் முறை வந்ததும் வள்ளி முன்னால் இரண்டு கையையும் நீட்டினார்.

"எனக்கும் அண்ணந்தேன்... தொடு தாயி."

வள்ளி தொட்டாள். அதுவரை அழாதவள், அப்போதுதான் உடைந்தாள்.

அதற்குப் பிறகு ஒருத்தரும் அவளைத் தாண்டிப் போகவில்லை. முதலில் கும்பிட்டாரே, அவர்கூடத் திரும்பி வந்து கை நீட்டினார். முருகா, இந்த மட்டுக்கும் சரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சுடுகாடு போய்த் திரும்பும்போது கருப்பையா என் கூடவே நடந்து வந்தார்.

"எனக்கும் ரெண்டும் பொம்பளைப் புள்ளைகதேன், தெரியும்ல?"

"தெரியும்ண்ணே."

"நாளைக்கு என் சாவுக்கும் வாரீகள்ல... பெஞ்சு மட்டும் கொஞ்சம் நீளமாப் பாத்துப் போடச் சொல்லுங்க."