வறுத்த ரவையும் என் மிருதங்கமும்

பன்னிரண்டு வயதில் நான் மிருதங்கம் கற்றுக்கொண்டதற்குக் கலை ஆர்வமெல்லாம் காரணமில்லை. எதையாவது ஓங்கி அடித்துவிட்டுத் திட்டு வாங்காமல் தப்பிக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அம்மாவுக்கோ நான் வீணை வாசிக்க வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் மிருதங்கத்தோடு உட்கார்ந்தால், மாப்பிள்ளை நேரே தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போய் அடுத்த ரயிலைப் பிடித்துவிடுவான் என்பாள். எழுபதுகளின் தொடக்கம் அது.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. நவராத்திரிக்குக் கரமனையில் எங்கள் தெரு பஜனை மடத்தில் பிள்ளைகள் கச்சேரி. அதில் நான் ஒழுங்காக வாசித்தால் மிருதங்கம் தொடரும். சொதப்பினால் விஜயதசமியன்று வீணை வகுப்பு.

மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒட்ட வேண்டும். அப்போதுதான் ‘தொம்’ என்று கனத்த நாதம் வரும். வறுக்காத ரவையாகக் கொடுத்தனுப்பும்படி வாத்தியார் அம்மாவிடம் இரண்டு தரம் சொல்லியிருந்தார். அம்மா ஒரு சின்னக் கிண்ணத்தில் கொடுத்தாள். மடத்தில் பிசைந்து பார்த்தால் மணல் மாதிரி விலகி விலகிப் போயிற்று. பலங்கொண்ட மட்டும் அழுத்தி ஒட்டினேன்.

முதலில் மடத்துச் செயலாளர் மாமா பேசினார். “வாத்தியம் படிச்சா குட்டிகளுக்குப் பொறுமை வரும், கவனம் வரும், கணக்கு நன்னா வரும், கேட்டேளா!” கணக்கில் நான் வாங்கியிருந்த மார்க்கு தெரிந்த அம்மா, முன்வரிசையில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தாள்.

வயலின் வாசித்த பெண் முதல் பாட்டைத் தொடங்கினாள். நான் இடது கையை ஓங்கி ஒரு போடு போட்டேன். ரவை பிய்ந்து பறந்தது. ஒரு கட்டி அவள் பாவாடையில், இன்னொன்று செயலாளர் மாமாவின் மூக்குக்கண்ணாடியில். கவனத்தைப் பற்றிப் பேசியவர் ஆயிற்றே, துடைக்காமலே தலையாட்டினார். மிச்சமும் உதிர்ந்தது. ‘தொம்’ போய், காலி டப்பாவைத் தட்டுகிற சத்தம் வந்தது. பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூக்கு ஒழுக ஒழுக வாசித்தேன், கையை மட்டும் நிறுத்தவில்லை.

பாட்டு முடிந்ததும் அம்மா எழுந்தாள். நேரே பிரசாதப் பாத்திரத்துக்குப் போய், ஒரு கை கேசரியை அள்ளி வந்து மிருதங்கத்தில் அப்பினாள்.

“ஐயோ, நைவேத்தியமாக்கும் அது!” என்றார் மாமா.

“அம்பாள் முன்னாடிதானே வாசிக்கறா? சும்மா இருங்கோ,” என்றாள் அம்மா.

மடத்துக் கேசரியில் நெய் பேருக்குத்தான் இருக்கும். வருஷா வருஷம் தெருவே அதைக் குறை சொல்லும். நெய் இருந்திருந்தால் வழுக்கியிருக்கும். அன்று பசையாக ஒட்டிக்கொண்டது. ‘தொம்’! மிச்சக் கச்சேரி முழுவதையும் ஆரஞ்சு நிற மிருதங்கத்தில் வாசித்து முடித்தேன். எறும்புகள் மூன்றாவது பாட்டுக்கு வந்து சேர்ந்தன.

வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன். “வறுக்காத ரவைன்னு சார் சொன்னாரே, மறந்துட்டியாம்மா?”

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “மறக்கலை. தெரிஞ்சேதான் வறுத்ததைக் கொடுத்தேன். நீயே பாதியிலே நிறுத்திடுவேன்னு நெனச்சேன். நீ அழுதுண்டே தாளம் விடாம வாசிக்கறே. என்னால பாத்துண்டிருக்க முடியலை, கேட்டியா.”

எனக்குக் கோபமான கோபம். நாலு வீடு தாண்டும்வரை தள்ளியே நடந்தேன். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கேசரி இன்னும் பிசுபிசுவென்று ஒட்டியது.